ஏற்றி அனுப்பிய சாட்சி

அந்தக் காகிதத்தை வாசிக்க நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. அய்யாவுவை எங்கு தேடியும் காணோம், ஆகவே அவன் போலீசில் கொடுத்த வாக்குமூலத்தையே சாட்சியாக ஏற்றுக்கொள்ளலாம் என்று நீதிபதி சொல்லிவிட்டார். கூண்டில் நின்ற பிரவின் எச்சில் விழுங்கியது பின்வரிசையில் இருந்த நல்லம்மாளுக்குத் தெரிந்தது. பெற்றவள் கண்ணுக்கு எதுதான் தப்பும்?

'ஜெயராஜைக் குத்தியது பிரவின்தான். இருட்டாக இருந்தாலும் எனக்கு அவனை நன்றாகத் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் அவன் அம்மா கையால்தான் சாப்பிடுவேன்.'

அவள் போட்ட சோறும் சாட்சி சொல்லிற்று.

அய்யாவு தமிழ்நாட்டிலிருந்து வந்து கிள்ளான் சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவியவன். அங்கேதான் அவளும் இலை நறுக்கினாள். "சாட்சி இல்லேன்னா கேஸ் நிக்காதுலா" என்று கடைக்கு வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். சிறைக் கண்ணாடிக்கு இப்பால் உட்கார்ந்து, 'நீயாடா செஞ்சே?' என்று மகனிடம் அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கப் பயம். அந்தப் பயத்தில்தான் அய்யாவுவைத் திருச்சி விமானத்தில் ஏற்றிவிட்டாள். ஊர்ப்பக்கம் போகாதே என்றாள். அவன் சிம் கார்டைத் தன் கையாலேயே ஒடித்து விமான நிலையக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

விமான நிலையம் போகும்போது பஸ்ஸில் அவன் அழுதான். "மூஞ்சியப் பாக்கலக்கா. பிரவின்தானேன்னு கேட்டாங்க, தலையாட்டிட்டேன். வேலை பர்மிட் முடியுற நேரம், வேற என்ன செய்வேன்?"

இடைவேளையில் பிரவினின் லோயர் சிவநேசனிடம் அதைச் சொன்னாள். "நான் உள்ள வந்து சொல்லலாமா சார்?"

"சொல்லலாம்மா. அந்தப் பேப்பர உடைக்க அது ஒன்னுதான் இருக்கு. எங்க வச்சு சொன்னான்?"

"ஏர்போர்ட் பஸ்ஸுல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களா ஏத்திவிட்டீங்க?"

அவள் தலையாட்டினாள்.

"ஒன்னுமே பாக்காதவன எதுக்கும்மா ஓட்டிவிட்டேன்னு அரசாங்க லோயர் கேப்பாரு. என்னா சொல்வீங்க? உங்க மேலயும் கேஸ் வரும்." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவன் மட்டும் வந்திருந்தா பத்தே கேள்வியில கிழிச்சிருப்பேன். பேப்பர்கிட்ட என்னத்தக் கேக்குறது?"

விலங்கோடு பிரவினைத் திரும்பக் கூட்டிவந்தார்கள். அவளருகே வந்ததும் நடையைத் தளர்த்தினான். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவன் முகத்தில் ஏதோ தெளிவு.

"ம்மா, அய்யாவு அண்ணனத் தேடிப் புடிம்மா. அவரு நேர்ல வந்து என் மூஞ்சியப் பாத்தா போதும்லா. நான் இல்லேன்னு சொல்லிருவாரு."

காவலர் அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார். நல்லம்மாள் சிம் கார்டை ஒடித்த இரண்டு விரல்களைச் சேலைத் தலைப்புக்குள் மடக்கி இறுக்கினாள். கதவு இன்னும் சாத்தப்படவில்லை. சாட்சி சொல்ல வரும்படி உள்ளிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.