ஊரே ஏறிய பேருந்து

அன்று காலை அந்த ஊரில் ஒரே ஒரு வீடு நீங்கலாக எல்லா வீடுகளும் பூட்டிக் கிடந்தன. பூட்டச் சொன்னவள் தையல்காரி. ஆள் ஏறாத தடம் என்று எழுதி, போக்குவரத்துக் கழகத்தார் ஊருக்கு வரும் ஒரே பேருந்தையும் நிறுத்தப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததிலிருந்து அவள் தையல் இயந்திரத்தைத் தொடவில்லை. இளவட்டங்கள் பிழைப்புத் தேடிப் போனபின் எஞ்சியிருந்தவர்களை வாசல் வாசலாக ஏறி இறங்கித் திரட்டினாள். கழகத்தின் அதிகாரி வந்து பயணிகளைக் கணக்கெடுக்கும் நாளில் ஒரு தலைகூடக் குறையக் கூடாது. அவளுடைய அவசரம் ஊரறிந்தது: மகள் நிறைமாதம், பேருந்து நின்றுவிட்டால் ஆஸ்பத்திரிக்கு வேறு வழியில்லை. குலுங்கும் பயணம் ஆகாதென்பதால் மகளை மட்டும் வீட்டில் விட்டு, துணைக்குத் தன் நாத்தனாரை இருக்கச் சொல்லியிருந்தாள்.

பேருந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து முனகியபடி நகர்ந்தது.

“இந்த பஸ் இத்தனை முகத்தை ஒண்ணாப் பார்த்ததே கிடையாது. மிரண்டுபோய் வயல்ல இறங்கிடப் போகுது!” என்றார் ஓயாத வாயால் ‘ரேடியோ’ என்று பெயரெடுத்தவர்.

“நேத்து நானும் டிரைவரும் மட்டும்தாண்ணே. பேச ஆளில்லாம ஹாரனோட பேசிக்கிட்டு வந்தோம்” என்றார் நடத்துநர்.

சிரிப்பு எழுந்தது. அதில் ஒரு சிரிப்பைத் தையல்காரிக்கு அடையாளம் தெரிந்தது. திரும்பினாள். பின்வரிசையில் நாத்தனார்.

“நீ எப்படி இங்க? அவகூட யாரு?”

“கோவிச்சுக்காதீங்க அண்ணி. ஒரு தலை குறைஞ்சாலும் பஸ் போயிடும்னு தினம் சொன்னது நீங்கதானே? அவ அசந்து தூங்கினா. கதவைச் சாத்திட்டு ஓடி வந்துட்டேன். அக்கம்பக்கத்துல யாராவது இருப்பாங்கன்னு...”

“யாரு இருப்பா?”

நாத்தனார் பேருந்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். அக்கம்பக்கம் முழுவதும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தது.

அப்போது பேருந்து நின்றது. எதிரே பாலம். மேற்கே பெய்த மழையில் ஆறு சேற்று நிறத்தில் தூண்களை உரசி ஓடியது. அக்கரை நிறுத்தத்தில் அதிகாரி குடை பிடித்துக் காத்திருந்தார்.

“பாதிப்பேர் இறங்கி நடந்து வாங்க. இவ்வளவு பாரம் தாங்காது” என்றார் ஓட்டுநர்.

“அவர் இங்கேயேதான் பார்த்துக்கிட்டு இருக்கார். நடந்து வர்றவங்களைப் பயணின்னு எழுத மாட்டார்” என்றார் நடத்துநர்.

எல்லாக் கண்களும் தையல்காரியிடம் வந்து நின்றன. இறங்கி வீட்டைப் பார்த்து ஓடிவிடலாம். ஆனால் அவள் இறங்கினால் பின்னோடு பாதி ஊர் இறங்கும், பேருந்தும் போய்விடும். கணக்கு முடிந்ததும் திரும்பிவிடலாம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

“யாரும் இறங்க வேண்டாம். நீங்க ஓட்டுங்க தம்பி.”

பேருந்து பாலத்தில் ஏறியது. அடியில் ஏதோ நெரிபடும் ஓசை கூடவே வந்தது. முன்சக்கரங்கள் கரையேறின, பின்சக்கரங்களும் ஏறின. மறுகணம், வண்டி வண்டியாகக் கல்லைக் கொட்டியதுபோல் ஒரு சத்தம். பாலத்தின் நடுப்பகுதி இருந்த இடத்தில் நீர் மட்டும் சுழித்தது.

அதிகாரி குடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். “எல்லாரும் வந்துட்டீங்களா? அந்தப் பக்கம் யாரும் நிக்கலையே?”

தையல்காரி ஊர் இருந்த திசைக்குத் திரும்பினாள். அவள் கையில் கைபேசி ஒலித்தது.

“அம்மா, அத்தையைக் காணோம். தெருவுல எவ்வளவு கூப்பிட்டும் ஒருத்தரும் வரல. வலி வந்துடுச்சும்மா. பஸ்ஸைத் திருப்பிக்கிட்டு வரச் சொல்லு.”

“இதோ வந்துட்டேன் கண்ணு” என்றபடியே கைபேசியை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தையல்காரி ஆற்றை நோக்கிக் கரைச்சரிவில் இறங்கத் தொடங்கினாள்.