அம்மா வெளுத்தனுப்பிய துணிகள்

விருது வாங்கினால் எப்படி இருக்கும் என்று பத்து வருஷம் கற்பனை செய்திருக்கிறேன். வாங்கியபோது, பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி மரத்துக் கிடந்தேன்.

விருது அம்மாவின் துணிகளுக்கு. என் அம்மா தாசம்மாள் போனக்காடு எஸ்டேட்டில் முப்பது வருஷம் தேயிலைக் கொழுந்து கிள்ளியவர். இடுப்பில் கட்டும் சாக்குத்துணியில் கொழுந்துச் சாறு பட்டுப் பட்டுக் கறுத்துவிடும். அந்தக் கறைகளை அப்படியே சட்டம் போட்டு ஒரு கலைக் கண்காட்சியில் மாட்ட நினைத்தேன். பன்னிரண்டு பழைய துணிகளை அனுப்பச் சொல்லிப் போன் செய்தேன். “பட்டணத்துல பெரிய ஆளுங்க பாக்கப் போறாங்கம்மா” என்றேன். கறை என்ற சொல் மட்டும் ஏனோ வாயில் வரவில்லை.

பஸ்ஸில் வந்த மூட்டையைத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கிப் பிரித்தால் சோப்பு வாசனை. பிளீச்சிங் பவுடரில் நாலு நாள் ஊறப்போட்டு, பளிச்சென்று வெளுத்து, மடித்து வேறு அனுப்பியிருந்தார்!

கண்காட்சிக்கு மூன்றே நாள். கரமனையில் என் வாடகை வீட்டுக் குளியலறையில், கடையில் வாங்கிய தேயிலைத் தூளைக் காய்ச்சிப் பன்னிரண்டையும் முக்கியெடுத்தேன். ‘முப்பது வருஷ உழைப்பின் கையெழுத்து’ என்று நடுவர்கள் எழுதினார்கள். படித்தேன். சந்தோஷமும் இல்லை, குற்ற உணர்ச்சியும் இல்லை.

விருதன்று அம்மா புதுச்சேலையில் வந்தார். முதல் சட்டத்தின் முன் நின்றதும் அவர் முகம் வாடிவிட்டது.

“மக்களே, நான் நல்லாத்தானே அலசினேன். இந்தக் கறை திரும்பியும் வந்துட்டே” என்று என்னிடம் கூசிக்கொண்டே சொன்னார்.

அம்மா குனிந்து துணியை முகர்ந்தார். கண்ணாடி போடாத சட்டம்.

“இது கொழுந்து இல்லல்லா. தூளு.”

அதற்குள் ஜானவி என்ற நிருபர் மைக்கை நீட்டினாள். “அம்மா, இந்தக் கறை எல்லாம் அம்மா வேலை செஞ்சு வந்ததல்லே?”

ஒரே ஒரு வார்த்தை போதும், விருதும் பேரும் அங்கேயே காலி. பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று என்னை வளர்த்தவர் அம்மா. என்னைப் பார்த்தார்.

“ஆமா. எல்லாம் எனக்க கறைதான்.”

கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

சாயங்காலம் தம்பானூரில் அவரைப் பஸ் ஏற்றினேன். ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் பேசினார்.

“கறைதான் வேணும்னு ஒரு வாக்கு சொல்லியிருந்தா, அலசாமத் தந்திருப்பேனே. சொல்ல வெக்கமா இருந்துதா மக்களே?”

இருந்தது. அதைச் சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.