விசேஷத்துக்குப் போகும் போர்வை

பெரம்பலூரில் அனுசுயா முக்கோணத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த போர்வை, தை மாத வளர்பிறையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, தானாகவே படியிறங்கி எளம்பலூர் சாலையில் நடந்த ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டது. போகும்போது யாரும் கவனிக்கவில்லை. பந்தி முடிந்த பிறகு, பெண்கள் உட்கார்ந்திருந்த ஜமுக்காளத்தின் ஓரத்தில் அது ஒழுங்காக மடிந்து கிடந்ததைப் பார்த்து விசாரித்து, வீட்டுக்காரர்கள் அனுசுயாவுக்கு ஆள் அனுப்பினார்கள்.

தாம்பூலத்தில் வைத்துக் கொடுக்கும் ரவிக்கைத் துணியின் நடப்பைச் சொன்னால் இதில் வியப்படைய ஒன்றுமில்லை என்பது விளங்கும். விசேஷ வீட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சளோடு ஒரு ரவிக்கைத் துணி வைத்துக் கொடுப்பார்கள். வாங்கியவர் அதைத் தைத்துப் போடுவது அபூர்வம். நீளம் போதாது, இருக்கிற சேலை எதற்கும் நிறம் பொருந்தாது, தண்ணீர் பட்டால் சாயம் போகும். ஆனால் இன்னொருவருக்குக் கொடுக்க ஒரு குறையும் இல்லை. அதனால் பீரோவில் வைத்திருந்து அடுத்த விசேஷத்தில் கொடுத்துவிடுவார்கள். பெரம்பலூரில் வாங்கிய துணி குன்னத்துக்கும், அங்கிருந்து ஜெயங்கொண்டத்துக்கும் போய், சில வருடங்களில் முதலில் வாங்கியவர் கைக்கே திரும்பும். ஓரத்தில் கடைக்காரர் ஒட்டிய சீட்டைப் பார்த்து அவருக்கு அடையாளம் தெரியும். ஆனாலும் சொல்ல மாட்டார். எந்த வீட்டிலும் ஒரு பருவத்துக்கு மேல் தங்கிப் பழகாத துணிகள் அவை.

அனுசுயாவின் கணவர் பழனிவேல் மூன்று வருடங்களுக்கு முன் மாரடைப்பில் போனார். அதன் பிறகு தாம்பூலத் தட்டு அனுசுயாவுக்கு முன்னால் இருப்பவரிடம் வரும், அடுத்து அவருக்குப் பின்னால் இருப்பவரிடம் போகும். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள ஆளில்லை. அன்றைக்குப் பீரோவில் இருந்த துணிகள் அப்படியே நின்றுபோயின. முகூர்த்த நாள் காலைகளில் பீரோக் கதவு படபடவென்று அடித்துக்கொள்ளும். எலி என்று நினைத்து அந்துருண்டை வாங்கிப் போட்டார். திறந்தால் மேலே வைத்த பச்சைத் துணி அடியிலும், அடியில் இருந்த மஞ்சள் துணி கதவோரத்திலும் இருக்கும்.

அரியலூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் பூவிழி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும், பிறக்கப்போகும் குழந்தைக்கு அந்தத் துணிகளில் ஒரு போர்வை தைக்க அனுசுயா முடிவு செய்தார். முக்கோணம் தைப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. துணியை மூலைக்கு மூலை வெட்டினால் அந்த விளிம்பு இழுத்த இழுப்புக்கு நீளும், விட்டால் சுருங்கும். தையல்காரர்கள் இதைக் கிராஸ் என்பார்கள். அதனால் முதலில் வெட்டக் கூடாது. இரண்டு நிறத்தில் இரண்டு சதுரங்களை முகத்தோடு முகம் வைத்து, மூலைக்கு மூலை சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டின் இரு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தைத்துவிட்டு, அதன் பிறகே கோட்டின் மேல் வெட்ட வேண்டும். பிரித்தால் பாதிக்குப் பாதி இரண்டு நிறம் சேர்ந்த இரண்டு சதுரங்கள் கிடைக்கும், விளிம்பு இழுபடாது. அனுசுயா நடுப்பகுதி முழுவதையும் அப்படித்தான் தைத்தார். ஓரத்துக்கு வரும்போது பெரிய துண்டுகள் தீர்ந்துபோனதால், மிச்சத்தை இஷ்டத்துக்கு வெட்டிச் சேர்த்தார். கிராஸ் விளிம்பு நாலு பக்கமும் வெளியே வந்துவிட்டது. போர்வை நகர்ந்தது இதை வைத்துத்தான். முன் மூலை நீண்டு தரையைப் பற்றும், பிறகு சுருங்கும், பின்பக்கம் வந்து சேரும். வாத்து நடக்கிற வேகம் இருக்கும்.

அதன் பிறகு அது ஒரு முகூர்த்தத்தையும் விடவில்லை. காதுகுத்து, நிச்சயதார்த்தம், மஞ்சள் நீராட்டு என்று எங்கே தாம்பூலம் உண்டோ அங்கே போனது. தன்னை அழைக்காத வீடுகளின் வாசலில், வீட்டுச் சேலையோடு, பாதி சீவிய தலையோடு அனுசுயா போய் நிற்க வேண்டியிருந்தது. "போர்வைய எடுத்துக்கிட்டுப் போயிடுறேங்க" என்பார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னால் அடுப்பில் பால் இருக்கிறது என்பார். கட்டில் காலில் கட்டிப் பார்த்தார், கட்டில் வந்தது. பீரோவில் வைத்துப் பூட்டினார். பீரோ வாசற்படி வரை வந்து நின்றது. பிரித்துவிடலாமா என்று தையற்கடையில் கேட்டதற்குக் கடைக்காரர், "பிரிச்சா ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு ஊருக்குப் போவும், நீங்கதாம்மா பின்னால ஓடணும்" என்றார்.

பழனிவேலின் அண்ணன் மனைவி ஜெயலட்சுமி வந்து போர்வையைப் புரட்டிப் பார்த்தார்.

"ஏன்டி, இந்த மயில்கழுத்துக் கலரு நான் வச்சுக் குடுத்ததுல்ல? இப்படியா துண்டு போடுவ?"

"அது நான் உங்களுக்குக் குடுத்ததுதான்க்கா. ஊரெல்லாம் சுத்திட்டு உங்க கையாலயே எனக்கு வந்துச்சு."

ஜெயலட்சுமி காப்பி கேட்டார்.

வைகாசியில் பூவிழிக்கு வளைகாப்பு. சம்பந்தி சிந்தாமணி போன் செய்தார். "தப்பா நெனைக்காதீங்க சம்மந்தி, மொத வளையல ஜெயலட்சுமி போடட்டும். நீங்க சாயங்காலமா வந்து புள்ளைய அழைச்சுக்கிட்டுப் போங்க." அதற்கென்னங்க என்று அனுசுயா சொன்னார். அடுத்து பூவிழி பேசினாள்.

"நீ வரலன்னா நான் கைய நீட்ட மாட்டேன், பாத்துக்க."

"கிறுக்கு மாதிரி பேசாத. பெரியம்மா போட்டா என்ன, நான் போட்டா என்ன?"

போனை வைத்துவிட்டு, கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினார். மகள் கையில் முதல் வளையலைப் போட வேண்டும் என்பதைத் தவிர அந்த வருடம் அவருக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

வளைகாப்பன்று காலையில் அவர் கதவைத் தாழிட்டு, போர்வையைக் கூடத்தில் விரித்து, அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அது அடியில் நெளிந்தது. பிறகு அவரையும் சுமந்துகொண்டு நகர்ந்தது. தாழை அவர் கையாலேயே நீக்கினாரா என்பது பற்றித் தெருவில் இரண்டு கருத்து உண்டு. பால்காரருக்கு வழிவிட்டு, நாய்கள் குரைக்க, பழைய பஸ் ஸ்டாண்டு வரை அவரைக் கொண்டுபோனது. அரியலூர் பஸ்ஸின் படிக்கட்டில் ஆளோடு ஏற முடியாமல் அங்கே நின்றுவிட்டது.

அனுசுயா எழுந்தார். அதைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு வீடு திரும்பியிருக்கலாம். தோளில் இருக்கும்போது அது ஒருபோதும் முரண்டு பிடித்ததில்லை. கண்டக்டர் படியில் நின்று விசிலை வாயில் வைத்தபடி, "ஏறுறீங்களா, இல்லையாம்மா?" என்று கேட்டார். போர்வையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அனுசுயா ஏறினார். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தபோதெல்லாம் எழுந்து எழுந்து முன்கண்ணாடியைப் பார்த்தார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது, பூவிழி மணையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தாள். ஜெயலட்சுமி வளையல் தட்டோடு முன்னால் நின்றார். நல்ல நேரம் முடியப்போகிறது என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அனுசுயாவின் தோளிலிருந்து போர்வை இறங்கி, கூட்டத்துக்குள் நகர்ந்துபோய், மணைக்கு முன்னால் சுருக்கமில்லாமல் விரிந்துகொண்டது. பெண்கள் குனிந்தார்கள். அந்த முக்கோணங்களில் தங்கள் கை படாதது ஒன்றும் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்தது. "இது எங்க வூட்டுக் காதுகுத்துல குடுத்தது." "இந்த ஆரஞ்சு கீழப்பழுவூர்லேந்து வந்தது, நான்தான் தள்ளிவுட்டேன்." சிந்தாமணி தன்னுடைய இரண்டு துண்டுகளைக் கண்டுபிடித்தார். அவர்களே மஞ்சளோடு வைத்துக் கொடுத்த துணி. அதைக் கொண்டுவந்தவரை ஆகாது என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

ஜெயலட்சுமி தட்டை அனுசுயாவிடம் நீட்டினார். "நீயே போடுடி. நான் கண்ணாடி கொண்டாரல, அளவு தெரிய மாட்டேங்குது." கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது.

பூவிழி கையை நீட்டினாள். கண்ணாடி வளையல் போடும்போது பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்க வேண்டும். முட்டி எலும்பைத் தாண்டும் வரை வளையலைத் தள்ளக் கூடாது, திருப்ப வேண்டும். அனுசுயா அப்படியே திருப்பிப் போட்டார். ஒன்றும் உடையவில்லை.

குழந்தை ஆடியில் பிறந்தது, பெண். போர்வை இன்றும் முகூர்த்தங்களுக்குப் போகிறது. பேத்தி அதில் தூங்கிக்கொண்டிருந்தால் அவளையும் சேர்த்துக் கொண்டுபோகிறது. அனுசுயா நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு பின்னால் நடக்கிறார், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறார். மழைக்காலத்தில் மட்டும் ஓரங்கள் சேறாகிவிடும் என்பதால் பூவிழி ஆட்டோ சொல்லி அனுப்புகிறாள்.