பேய் மீது ஒரு மனு

எங்கள் தோப்புத் தெருவுக்குப் பேய் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில். காலையில் தெருவே நூறு நாள் வேலைக்கு ஏரிக்கரைக்குப் போயிருந்தது. மதியம் திரும்பி வந்து பார்த்தால் வாசல் குடம், கொல்லை டிரம், ஆட்டுக்கு வைத்த பேசின் எல்லாம் கவிழ்ந்திருந்தன. தாறுமாறாக அல்ல. வரிசையாக, விளிம்பு தரையில் பொருந்த. ஒரு குடமும் நசுங்கவில்லை. இந்தத் தெரு மருமகள்கள் யாரும் இத்தனை ஒழுங்காகப் பாத்திரம் கவிழ்த்து நான் பார்த்ததில்லை.

அடுத்த செவ்வாயும் அப்படியே. அதற்கடுத்த செவ்வாயும்.

"ராஜாம்பாக்கா, கொட்டாங்குச்சியக்கூட வுடலக்கா அது," என்றாள் எதிர்வீட்டு அமிர்தம்.

"எங்கூட்டுக்கு வரலியே?"

"உன் வாய்க்குப் பயந்துகினு இருக்கும்."

முட்டிவலியால் நான் எந்நேரமும் வீட்டில்தான் இருக்கிறேன் என்பதை அவள் யோசிக்கவில்லை. எனக்குப் பேய்மீது நம்பிக்கையும் இல்லை, அவநம்பிக்கையும் இல்லை. விசாரிக்காமல் விடுவதில்தான் நம்பிக்கை இல்லை. நான்காம் செவ்வாய் மின்தடை. டிவியில் சீரியல் கிடையாது. பேய் மாட்டிக்கொண்டது அதனால்தான்.

அமிர்தத்தின் கொல்லையில் கரகரவென்று ஏதோ உருளும் சத்தம். போய் எட்டிப் பார்த்தேன். நம் நிர்மலா! வீடு வீடாக வந்து கொசுப்புழு பார்க்கிற பெண். எலவனாசூர்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வருகிறவள். டிரம்மைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, பேய்க்கெல்லாம் இப்ப பஞ்சாயத்துல சம்பளம் போடறாங்களா?"

டிரம்மை விட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். "சத்தம் போடாதீங்கக்கா. வர்ற மாசம் அஞ்சாந்தேதி பெரிய ஆபீசர் சோதனைக்கு வர்றாரு. இந்தத் தெருவுல ஒரு புழு இருந்தாலும் என்ன வேலைய வுட்டு நிறுத்திடுவாங்க. ஒரு வூட்லயும் கேட்ட தொறக்க மாட்றாங்க. ஆளில்லாத நேரமாப் பாத்து கொல்லப் பக்கமா பூந்து கவுக்காம நான் இன்னா பண்றது?"

அவள் சொன்னது நிஜம். போன மழைக்குத் தெருவில் காய்ச்சல் வந்தது. வார்டு மெம்பர் தனசேகரன், "இது சாதாரணக் காய்ச்சல், டெங்குன்றது எதிர்க்கட்சிக்காரன் கெளப்பிவுட்ட பொரளி," என்றார். உரக்கடை கொளஞ்சியப்பன் எதிர்க்கட்சி. 'டெங்குவை மறைக்காதே' என்று பேனர் கட்டினார். அந்தச் சமயம் பார்த்து நிர்மலா மெம்பர் வீட்டு டிரம்மிலேயே புழு கண்டுபிடிக்க, கொளஞ்சியப்பன் அதை வீடியோ எடுத்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார். மெம்பர் தரப்பு அன்றே அவளுக்குக் கதவைச் சாத்தியது. கொளஞ்சியப்பன் தரப்பாவது திறந்திருக்கலாம். அவரோ, அவள் ஊற்றுகிற மருந்து அரசாங்கத்தின் சதி, அந்தத் தண்ணீரைக் குடித்தால் பிள்ளை பிறக்காது என்று கிளப்பிவிட்டார். அவருக்கு ஐந்து பிள்ளைகள். கட்சி வேறு வேறு, பூட்டு ஒன்று.

"டிரம்ம எப்பிடிடீ ஒண்டியா சாய்க்கற?"

"நாளைக்குத் தண்ணி வுடற நாளுக்கா. இன்னிக்கு அடியில கொஞ்சந்தான் கெடக்கும். புழுவும் அதுலதான் கெடக்கும். நல்ல தண்ணிய நான் தொடறதே இல்ல."

சமையற்கட்டில் ஃபிரிட்ஜ் ஓரமாக உட்காரவைத்து டீ கொடுத்தேன். பேய்க்கு டீ போட்டுக் கொடுத்தவள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

"உங்கூட்லயும் ஒரு வாட்டி பாத்துடட்டுமாக்கா?"

"எங்கூட்ல இன்னாடி பாக்கப் போற? தெனம் கழுவித் தள்றேன்."

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். எனக்கு அது எத்தனை கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இதற்குள் அமிர்தத்தின் தம்பி கரியாலூர் போய் ஒரு பூசாரியை அழைத்து வந்துவிட்டான். கல்வராயன் மலைப் பூசாரி என்றதும் தெரு மிரண்டு நின்றது. அவர் கவிழ்ந்திருந்த பேசினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க மலையில எத்தினியோ இருக்குது. ஒண்ணும் பேசினக் கழுவிக் கவுத்ததில்ல. யாரோ சுத்தக்காரங்க பண்ற வேல இது," என்று சொல்லி, சர்பத் குடித்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

"இவுருக்கு பவர் கம்மி," என்று தெரு தீர்ப்புச் சொன்னது.

கடைசியில் கட்சிகள் கையில் எடுத்தன. திங்கட்கிழமை கள்ளக்குறிச்சியில் மனு நாள். 'மர்ம நபர்களை ஏவிவிட்ட எதிர்க்கட்சியினர்மீது நடவடிக்கை' என்று மெம்பர் ஒரு மனு. 'தண்ணீர் விடத் துப்பில்லாமல் இருக்கிற தண்ணீரையும் கவிழ்க்கும் அமானுஷ்ய சக்தி' என்று கொளஞ்சியப்பன் ஒரு மனு. ஒரே பஸ்ஸில்தான் போனார்கள், முன்சீட்டில் ஒருவர், பின்சீட்டில் ஒருவர்.

பேய்க்கென்று இலாகா எது? மனுவில் குடம், டிரம், தண்ணீர் என்று இருந்ததால் யாரோ சுகாதாரம் என்று எழுதித் தள்ளிவிட்டார்கள். அது ஒவ்வொரு மேசையாக முத்திரை வாங்கிக்கொண்டு கீழே இறங்கி இறங்கி, பத்தாம் நாள் ஒரு கையில் வந்து நின்றது. 'நேரில் விசாரித்து அறிக்கை தரவும்.' கை நிர்மலாவுடையது.

"எக்கா, என்னையே வெசாரிக்கச் சொல்லிட்டாங்கக்கா!" என்று என் வீட்டுக்கு ஓடி வந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்கே தெரியவில்லை.

"அழுவாதடி. தாள நல்லாத் தெரியற மாரிப் புடிச்சிகினு போ."

கொசு என்று வந்தபோது பூட்டிய கேட்டெல்லாம் பேய் என்றதும் திறந்துகொண்டன. மெம்பரே டார்ச் பிடித்துக்கொண்டு கூட நடந்தார். "இங்க பாரும்மா, இந்த மூடியத் தொறந்து பாரும்மா" என்று போட்டி. பழைய டயர், ஆட்டுக்கல், தோய்க்கிற கல்லுக்குப் பின்பக்கம், காலி இளநீர் எல்லாவற்றையும் அவர்களே இழுத்துக் காட்டினார்கள். அவள் ஒவ்வொரு தொட்டியிலும் மருந்தை விட்டாள். பேய் வராத வீடு என்று என் வீட்டில் மட்டும் விசாரணை இல்லை.

"இத ஊத்துனா அது வராதாம்மா?" என்றாள் அமிர்தம்.

"எட்டு நாளிக்கு ஒண்ணும் அண்டாதுங்க," என்றாள் நிர்மலா. பொய் சொல்லவில்லை, பாருங்கள்.

கொளஞ்சியப்பன் வீட்டுத் தொட்டியில் விட்டபோது அவர் எட்டிப் பார்த்தார். "எங்கூட்டுக்கு இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா வுடும்மா."

ஐந்தாம் தேதி ஆபீசர் வந்தார். தெருக்கோடியிலிருந்து ஒவ்வொரு வீடாகப் பார்த்தார். ஒரு புழு கிடையாது. நிர்மலாவின் முகத்தில் ஒரு மாதமாக இல்லாத ரத்தம் ஓடியது. கடைசியாக என் வீடு.

"வாங்க சார், கண்ணாடி மாரி வெச்சிகினு இருக்கேன்," என்று கதவை அகலத் திறந்தேன். பின்னாலேயே தெரு மொத்தமும் வந்து வாசலை அடைத்துக்கொண்டது.

அவர் குடத்தைப் பார்க்கவில்லை, டிரம்மைப் பார்க்கவில்லை. நேரே சமையற்கட்டுக்குப் போய், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் குனிந்து, கீழே ஏதோ ஒரு தட்டை இழுத்தார். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் வடிகிற தட்டு ஒன்று உண்டு என்பது பதினோரு வருஷமாக எனக்குத் தெரியாது. அதற்குள் ஏழெட்டுப் புழு நெளிந்துகொண்டிருந்தது.

"இந்தத் தெரு பணியாளர் யாரு?" என்று பேனாவை எடுத்தார்.

நிர்மலா வாசற்படியில் தரையைப் பார்த்து நின்றாள். பார்த்துவிடட்டுமா என்று அவள் கேட்டதும், நான் சொன்ன பதிலும் எனக்கு ஞாபகம் வந்தன.

"சார், அவ மேல தப்பில்ல. நாலு வாட்டி வந்தா. நாந்தான் உள்ள வுடல. கதவச் சாத்திட்டேன்."

"ஏம்மா சாத்துனீங்க?"

தெருவே காது கொடுத்தது. சொல்ல என்னிடம் எத்தனை நல்ல கதை இருந்தது! கொடுத்த வாக்குதான் வாயைக் கட்டியது.

"அந்த மருந்து மேல எனக்கு நம்பிக்க இல்ல சார்."

அவர் 'வீட்டார் அனுமதி மறுப்பு' என்று எழுதி, என் கதவில் நோட்டீஸ் ஒட்டச் சொன்னார். நிர்மலாவின் பெயருக்கு நேரே எதுவும் எழுதாமல் பேனாவை மூடினார்.

"வெவரந் தெரிஞ்சவங்களே இப்பிடிப் பண்ணா எப்பிடி?" என்றார் மெம்பர்.

"ஒரு வூட்டால தெருவுக்கே கெட்ட பேரு," என்றார் கொளஞ்சியப்பன். இருவரும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நிர்மலாவின் அறிக்கையும் மேலே போய்விட்டது. 'வீடு வீடாக விசாரித்ததில் பேய் எதுவும் கண்டறியப்படவில்லை.' அவளுக்கு வேலை இருக்கிறது. இப்போது செவ்வாய்தோறும் வெளிப்படையாகவே வருகிறாள், முதலில் என் ஃபிரிட்ஜ் தட்டைத்தான் இழுக்கிறாள். குடங்கள் கவிழ்வதும் நின்றுவிட்டது. பேய் எங்கே போனது என்பதுதான் தெருவில் மிச்சம் இருந்த கேள்வி. அதற்கும் அமிர்தம் விடை கண்டுபிடித்து, பத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டு, பதினோராவதாக என்னிடமே வந்து சொன்னாள்:

"அது ஏன் உங்கூட்டுக்கு மட்டும் வரலன்னு இப்பத்தான் புரியுதுக்கா. உன் ஃபிரிட்ஜுக்குப் பின்னாடியே குடியிருந்துகினு இருந்திருக்குது."

மறுக்க ஆதாரம் இருக்கிறது என்னிடம். அது செவ்வாய்தோறும் எலவனாசூர்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வேலைக்கு வருகிறது. என்ன செய்ய? "இருக்கும்டி," என்று சொல்லிவிட்டு, அமிர்தத்துக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தேன்.