ஞானஸ்நானச் சால்வை

என்னைச் சுத்தக்காரி என்று எங்கள் தெருவே சொல்லும். பாதிப் பேர் மெச்சிச் சொல்வார்கள், மீதிப் பேர் வயிற்றெரிச்சலில் சொல்வார்கள். எனக்கு இரண்டுமே பிடித்திருந்தது. காலையும் மாலையும் தரைக்கு பினாயில், குளிக்கிற தண்ணீரில் கிருமிநாசினி இரண்டு மூடி, வாரம் ஒரு நாள் கட்டிலுக்கடியில் பூச்சி மருந்து, அலமாரியில் தட்டுக்கு நாலு பாச்சை உருண்டை. சட்டம் போட்டவள் நான், நிறைவேற்றுகிறவளும் நான். வண்ணார்பேட்டையில் எங்கள் வீட்டுப் படியேறினாலே ஆஸ்பத்திரிக்குள் வந்தது மாதிரி இருக்கிறது என்று தம்பி கிங்ஸ்லியின் சிநேகிதர்கள் கேலி செய்வார்கள். அதையும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

என் பெயர் சாலோமி. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞான டீச்சர். கல்யாணம் ஆகவில்லை, ஏன் என்று கேட்பவர்களிடம் இரண்டாம் முறை நான் பேசுவதில்லை. அம்மா போன பிறகு கிங்ஸ்லியைப் படிக்கவைத்து, வேலையில் சேர்த்து, சாயர்புரத்துப் பெண் ஜெசியைக் கட்டிவைத்தது வரை எல்லாம் என் பொறுப்பு. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அம்மா என் கையில் கொடுத்துவிட்டுப் போனது ஒரு தகரப் பெட்டி. அதற்குள் எங்கள் குடும்பத்து ஞானஸ்நான உடுப்பு இருந்தது. இடையன்குடி லேஸ் வைத்த வெள்ளை அங்கி ஒன்று, கம்பளிச் சால்வை ஒன்று. நானும் கிங்ஸ்லியும், எங்கள் அப்பாவும்கூட அதில்தான் ஞானஸ்நானம் பெற்றோம். அதற்கென்று வீட்டில் ஒரு முறை உண்டு. பிள்ளை உடுத்திய பிறகு துவைத்து, காயவைத்து, ஜெபம் பண்ணிப் பெட்டியை மூடவேண்டும். அடுத்த பிள்ளைக்கு எடுக்கும்போது தண்ணீர் காட்டக்கூடாது, அப்படியே உடுத்தவேண்டும். ஜெபம் பண்ணி வைத்த துணியை மறுபடி நனைத்தால் ஆசீர்வாதமும் தண்ணீரோடு போய்விடும் என்று அம்மா சொல்வாள். ஞானஸ்நான ஞாயிறு தொடங்கி அடுத்த ஞாயிறு வரை பிள்ளை அந்தச் சால்வைக்குள்தான் தூங்கவேண்டும்.

தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் ஆறு எங்கள் வீட்டுக்குள் வந்தபோது பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடியவள் நான். தண்ணீர் வடிந்த பின் வீடு முழுக்கப் பூஞ்சை, அந்து, கரப்பான். சேலைகளில் பாதி போயிற்று. பெட்டிக்குள் மட்டும் எதுவும் அண்டக்கூடாது என்று ஒரு பொட்டலம் பாச்சை உருண்டையை முழுசாகக் கொட்டினேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் உருண்டைகள் கரைந்து கடுகு போல் கிடக்கும். உடனே அடுத்த பொட்டலம். அப்படி மூன்று வருஷம்.

கிங்ஸ்லிக்குப் பையன் பிறந்தான். ரூபன் என்று பெயர் வைத்தோம். தொண்ணூற்றாறு ஜனவரி முதல் ஞாயிறு, நாற்பத்தோராம் நாள், ஞானஸ்நானம். முந்தின நாள் பெட்டியைத் திறந்தேன். நெடி குப்பென்று வந்தது. ஜெசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மதினி, ஒரு தடவை நனைச்சு வெயில்ல போட்டுட்டு உடுத்தட்டுமா? எனக்கே மூச்சு முட்டுதே."

"மூச்சு முட்டுனா பூச்சி வராதுன்னு அர்த்தம். ஒங்க ஊர்ல வேப்பிலையப் போட்டு வச்சு, அரிச்சுப்போன சேலையத்தான கட்டுவிய? துணிய நனைக்கப்பிடாது. எங்க வீட்டு முறை அது."

அவள் சால்வையை வாங்கி மடித்துக் கட்டிலில் வைத்தாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

ஞாயிறு ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. அங்கியில் ரூபன் அழகாக இருந்தான். குருவானவர் தண்ணீர் ஊற்றியபோதுகூட அழவில்லை. மார்கழிக் குளிர் என்பதால் ராப்பகலாகச் சால்வைக்குள்ளேயே கிடந்தான். காலையில் உடம்பு முழுக்க நான் வாங்கிக்கொடுத்த பேபி ஆயில் தேய்த்து, துடைத்து, மறுபடி அதே சால்வைக்குள் சுற்றினாள் ஜெசி. முறை என்றால் முறை.

புதன்கிழமை காலை நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது ஜெசி பிள்ளையின் துணியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். மூத்திரம் பால் விடாத கட்டங்காப்பி நிறத்தில் இருந்தது. ரூபனைத் தூக்கிப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது, கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. பால் குடிக்கவும் பலமில்லாமல் துவண்டு கிடந்தான். ஆட்டோ பிடித்துப் பாளையங்கோட்டையில் குழந்தை வைத்தியர் பாக்கியசீலனிடம் போனோம். ஞானஸ்நானத்துக்கு வந்திருந்த ஜெசியின் அம்மா ஜெபராணியும் கூட வந்தாள்.

பிள்ளையை உடனே வார்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஜெசி பின்னாலேயே போனாள். கிங்ஸ்லி மருந்துச் சீட்டோடு கடைக்கு ஓடினான். டாக்டர் அறையில் நானும் ஜெபராணியும் மட்டும் நின்றோம்.

"பிள்ளைக்கு உடம்புக்குள்ளேயே ரத்தம் உடையுது," என்றார் டாக்டர். "நாட்டு மருந்து ஏதும் கொடுத்தீங்களா?"

ஜெபராணி வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன். "வசம்பு சுட்டு உரசிக் கொடுத்தாங்க சார், இவங்கதான்."

"நாக்குல ஒரு தொடு தொட்டேன் ஐயா. அஞ்சு பிள்ள பெத்தவ நான். எல்லாத்துக்கும் கொடுத்ததுதான்."

டாக்டர் அவளைப் பிடித்து ஏசினார். ஜெபராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதபடி வெளியே போய்விட்டாள். எனக்கு உள்ளூரத் திருப்தியாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பட்டிக்காட்டு வைத்தியம் இப்படித்தான் முடியும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். "பாச்சா உருண்டை போட்டு வச்ச துணி ஏதும் பிள்ளைக்கு உடுத்துனீங்களா? சில பிள்ளைங்க ரத்தத்துல பிறவியிலேயே ஒரு பொருள் குறைச்சலா இருக்கும். அவங்களுக்கு அந்த வாடை விஷம். எண்ணெய் தேச்ச உடம்புன்னா தோல் வழியாவும் ஏறும்."

"இல்ல சார். எங்க வீட்ல அதெல்லாம் கிடையாது."

அவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். ஒன்பதாம் வகுப்புக்குப் பதங்கமாதல் பாடம் எடுக்கிறவள் நான். உருகாமல் அப்படியே ஆவியாகும் திடப்பொருளுக்கு உதாரணமாக வருஷா வருஷம் பாச்சை உருண்டையைத்தான் மேஜையில் வைப்பேன். உருண்டை எங்கே போகிறது என்று கேட்பேன். காற்றுக்குள் போகிறது டீச்சர் என்று பிள்ளைகள் கத்துவார்கள். சரி என்று உட்காரச் சொல்வேன். காற்றிலிருந்து அது எங்கே போகிறது என்று அவர்களும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை.

நேரே வார்டுக்குப் போனேன். ஜெசி மடியில் ரூபன் சால்வைக்குள் கிடந்தான். வார்டு முழுக்க பினாயில் நெடி. சால்வையின் வாடை வேறு யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

"ஜெசி, சால்வை அழுக்காயிட்டு. கொண்டா, அலசிக் கொண்டாறேன்."

"நனைக்கப்பிடாதுன்னு நீங்கதான சொன்னிய?" அவள் சால்வையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம வரைக்கும் இதுக்குள்ளதான் இருக்கணும்னு சொன்னிய. இந்த நெலமையில ஆசீர்வாதத்தையும் எடுத்துட்டா என் பிள்ளைக்கு என்ன இருக்கு மதினி?"

பிடுங்கியிருக்கலாம். காரணத்தைச் சொல்லியிருக்கலாம். வாசலில் ஜெபராணி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வசம்பாகவும் இருக்கலாம், பரிசோதனை முடிவு வரட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. தூங்காததால் யாருக்கு என்ன லாபம்?

மறுநாள் மத்தியானம் ரத்த அளவு இன்னும் இறங்கியிருந்தது. சாயங்காலத்துக்குள் ரத்தம் ஏற்றியாக வேண்டும் என்றார்கள். கிங்ஸ்லி ஆள் தேடி மேலப்பாளையத்துக்கு ஓடினான். அவனோடு வேலை பார்க்கும் மதாரின் ரத்தம் சேரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் வார்டு வராந்தாவுக்குப் போனேன். ஜெபராணி தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் துணிமணி வைத்த மஞ்சப்பை.

"டீச்சர், நான் ஊருக்குப் போயிருதேன். ஜெசி நேத்துலருந்து எங்கிட்ட பேசல. என் கையாலதான பிள்ளைக்கு இப்படி ஆயிட்டு? நான் இங்கன இருந்தா அவளுக்கு இன்னும் வேகும். பிள்ள பொழச்சான்னு ஒரு கடுதாசி மட்டும் போடுங்க."

எழுந்து நின்று பையைத் தோளில் மாட்டினாள். நான் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

"ஜெசி, சால்வைய எடு. அதுலதான் விஷம் இருக்கு. பாச்சா உருண்டை. ஒங்க அம்மா ஒண்ணும் பண்ணல. டாக்டர் எங்கிட்ட கேட்டாரு. இல்லன்னு பொய் சொல்லிட்டேன்."

ஜெசிக்கு முதலில் புரியவில்லை. பிறகு பரபரவென்று சால்வையைப் பிரித்துத் தரையில் எறிந்தாள். ஜெபராணி தன் பையைக் கவிழ்த்து, துவைத்து நைந்த ஒரு நூல் சேலையை எடுத்து நீட்டினாள். பிள்ளையை அதில் சுற்றிய பிறகுதான் ஜெசி என்னைப் பார்த்தாள்.

"எப்ப கேட்டாரு?"

"நேத்து."

"நேத்தே தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"நேத்து ராத்திரி பூரா இதுக்குள்ளதான் கெடந்தான் மதினி. குளிருதுன்னு மூஞ்சி வரைக்கும் மூடிவிட்டேன்."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவரும் ஏசவில்லை. பேனாவை மூடிவிட்டு, "ஒரு நாள் போச்சு டீச்சர்," என்றார்.

ரூபன் பிழைத்தான். மதார் வந்து ரத்தம் கொடுத்தார். பிறவிக் குறை இருப்பது பரிசோதனையில் உறுதியானது. இவனுக்கு ஆயுசு முழுக்கக் கொடுக்கக்கூடாத மருந்துகளுக்கு டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்; கடைசி வரியில் பாச்சை உருண்டை என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். பதினோராம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதற்குள் நான் வீட்டைக் காலி செய்திருந்தேன். உருண்டைகள், பினாயில், பூச்சி மருந்து, வாசனைப் பவுடர், அந்த பேபி ஆயில் எல்லாவற்றையும் சாக்கில் கட்டினேன். "ஒரு கடையவே தூக்கிப் போடுதியளே டீச்சரம்மா," என்றார் குப்பை எடுக்க வந்த கருத்தையா. அலமாரித் துணி ஒன்று விடாமல் சோடா உப்புப் போட்டு அலசி, ஒரு வாரம் வெயில் காட்டினேன். பிறகு தட்டுகளில் காய்ந்த வேப்பிலை பரப்பினேன். தரைக்கு வெறும் தண்ணீர். கரப்பான் வந்தது. வரட்டும் என்று விளக்குமாற்றால் அடிக்கிறேன்.

ஜெசி என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. மதினி என்றுதான் இன்னமும் கூப்பிடுகிறாள். காப்பி போட்டுத் தருகிறாள். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், பாடத்தில் காற்றிலிருந்து அது எங்கே போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். நல்லது மதினி என்றாள்.

சாயங்காலம் நான் வந்ததும் ரூபன் என்னைப் பார்த்துக் கையை நீட்டுகிறான். ஆறு மாதப் பிள்ளைக்கு என்ன தெரியும்? ஜெசி அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வருவாள். என் தோளுக்குக் குனிந்து, சேலை முந்தானையை ஒரு தடவை, ஜாக்கெட் கையை ஒரு தடவை முகர்ந்து பார்ப்பாள். முகர்ந்த பிறகுதான் பிள்ளையைத் தருவாள். ஒரு நாள்கூட மறந்ததில்லை.

யாராவது என்னை ஒரு சொல் சொன்னால் பத்துச் சொல்லாகத் திருப்பிக் கொடுக்கிறவள் நான். அவள் முகர்ந்து முடிக்கிறவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.