நான்காம் விரல்

செங்கோடனின் பைக் சத்தம் வளைவில் கேட்டதுமே ஜான்பீட்டர் ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயலினின் தலையை வலது பாதத்தின் மேல் சாய்த்துக்கொண்டான். உட்கார்ந்தபடியே வரவேற்க வேண்டும். எழுந்து நின்றால், நின்று வாசிக்கும் மேல்நாட்டு மெட்டைக் கேட்பாள். காலையிலிருந்து யோசித்து வைத்திருந்த ஏற்பாடு இது.

வருகிறவள் மோனிஷா. பத்து வருடமாக அவனோடு மேடையில் கிதார் வாசிப்பவள், குழுவின் கணக்கு வழக்கு, கடிதப் போக்குவரத்து எல்லாம் அவள்தான். சோளக்காடு பஸ் ஸ்டாப்பில் இறங்கியவளைக் கூட்டிவரப் பக்கத்துத் தோட்டத்துச் செங்கோடனை அனுப்பியிருந்தான். மழைத் தூறலில் இருவரும் நனைந்து வந்தார்கள். மோனிஷா வாசலில் கிதார் உறையை உதறிக்கொண்டிருக்க, செங்கோடன் ஒரு அன்னாசிப் பழத்தோடு முன்னால் உள்ளே வந்து ஜான்பீட்டரின் காதருகே குனிந்தார்.

"கையப் பத்தி மூச்சு விடலீங்க. வழி பூரா மொளகு வெலயே பேசிட்டு வந்தனுங்க. பாவம், அந்தப் புள்ளைக்குத் தலவலி வந்திருக்கும்."

சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஜான்பீட்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

மே மாதத்தில் நடந்தது அது. பலாப்பழத்தைப் பிளக்கும்போது பாலில் வழுக்கி, அரிவாள் இடது உள்ளங்கையில் சுண்டுவிரலின் அடியில் இறங்கியது. அவன் மனைவி ஸ்டெல்லா அரசாங்க நர்ஸ். அவளுக்கு இந்த மலைக்கு மாற்றலாகித்தான் இருவரும் குண்டூர் நாட்டுப் பக்கம் குடி வந்திருந்தார்கள். கட்டுப் போட்டுவிட்டு, உடனே சேலம் போக வேண்டும், தசைநார் அறுந்திருந்தால் ஒரு வாரத்துக்குள் சேர்த்துத் தைத்தாக வேண்டும் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். அவன் போகவில்லை. சேலத்தில் ஆறு வாரம் கையைக் கட்டி உட்கார வைப்பார்கள், செய்தி சென்னையில் இருக்கும் குழுவுக்குப் போகும், அந்த வாரம்தான் அயர்லாந்து இசை விழாக்காரர்கள் பெயர்ப்பட்டியலை முடிவு செய்கிறார்கள். இரண்டு தையல் போதும் என்றான். தோல் ஆறியது. சுண்டுவிரலுக்கு மட்டும் அசைவு திரும்பி வரவில்லை.

அந்தப் பட்டியலில் பெயர் ஏற அவனுக்கு இருபத்தைந்து வருடம் பிடித்திருந்தது. திண்டுக்கல்லில் சர்ச் பாடகர் குழுவில் வில் பிடித்தவன், திருச்சியில் கர்னாடக வாசிப்பு கற்றான், பிறகு சென்னையில் ஒரு ஓட்டல் வரவேற்பறையில் தினமும் சாயங்காலம் ஜாஸ் வாசித்தான். அங்கே தங்க வந்த ஐரிஷ் இஞ்சினியர் ஒருவர் அவன் வயலினை வாங்கி, நெஞ்சில் ஊன்றி, தன் கிராமத்து நடன மெட்டு ஒன்றை மூன்று நிமிஷம் வாசித்துக் காட்டினார். அன்றோடு ஜான்பீட்டருக்கு எந்த மெட்டையும் ஒரே ஊரில் நிறுத்தி வைக்கத் தெரியாமல் போயிற்று. மோகன ராகத்தில் கிளம்பி, ஜாஸ் வழியாகச் சுற்றி, ஐரிஷ் நடனத்தில் போய் இறங்குவான். சபாக்காரர்கள் கலப்படம் என்றார்கள். ஓட்டல் மேனேஜர், சாப்பிடுகிறவர்கள் பயப்படுகிறார்கள் என்றார். இப்போது, நாற்பத்தோரு வயதில், அந்த மெட்டுகள் பிறந்த ஊரே கூப்பிட்டிருந்தது. அடுத்த மாதம் பயணம்.

அவனைக் காப்பாற்றி வந்தது கர்னாடக வாசிப்புதான். அதில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தந்தியின் மேல் வழுக்கி வழுக்கியே முக்கால்வாசி வேலையை முடித்துவிடும், சுண்டுவிரலை யாரும் தேட மாட்டார்கள். மூன்று மாதமாக அவன் சென்னைக்கு அனுப்பிய பதிவுகள் எல்லாம் ஆலாபனைகள்.

இரண்டு மணி நேரம் வாசித்தார்கள். வில் நன்றாகத்தான் பேசியது. ஸ்டெல்லா டீ கொண்டுவந்து வைத்தாள். நானாக வாய் திறந்து சொல்ல மாட்டேன், ஆனால் என்னைக் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன் என்று காலையிலேயே அவனிடம் சொல்லியிருந்தாள். மோனிஷா டம்ளரை எடுத்துக்கொண்டு சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"ஏன்க்கா, இவரு எப்பலேர்ந்து முழு வித்வான் ஆயிட்டாரு? இன்னும் விபூதிப் பட்டை போடறதுதான் பாக்கி."

ஸ்டெல்லா அவனைப் பார்க்கவில்லை.

"அவரையே கேளுங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மோனிஷா ஒரு கணம் கதவையே பார்த்தாள். பிறகு டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். விழாக்காரர்கள் கடைசி உருப்படியாக ரீலைக் கேட்டிருக்கிறார்கள் என்றாள். ரீல் என்பது அவர்கள் ஊரில் ஆட்டத்துக்கு வாசிக்கும் வேக மெட்டு. ஜான்பீட்டரின் பேரை அந்த ஊர்வரை கொண்டுபோனதே அவன் வாசித்த ஒரு ரீல்தான். வெள்ளிக்கிழமை டிக்கெட் போட வேண்டும், அதற்குள் எல்லாம் முடிவாக வேண்டும்.

"எந்திரிங்க ஜான். ஒரே ஒரு தடவ ஓட்டிப் பாத்துருவோம்."

சுருதி இறக்கி வைத்திருக்கிறேன், இந்த ஈரத்தில் ஏற்றினால் தந்தி அறுந்துவிடும் என்றான். புதுத் தந்தி செட் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னாள். கால் மரத்துவிட்டது என்றான். நின்றால் சரியாகும் என்றாள்.

எழுந்தான். முறுக்காணிகளைத் திருகிச் சுருதி ஏற்றினான். வயலினைத் தாடைக்குக் கீழ் வைத்ததும் உடம்பு தானாகவே பழைய நிலைக்கு வந்தது. முதல் பாதியில் பயம் மறந்து போனது. மூன்று விரலும், விரல் படாத காலித் தந்தியும் போதும் அதற்கு. குதித்துக் குதித்து ஓடியது மெட்டு. மோனிஷாவின் பாதம் தரையைத் தட்ட ஆரம்பித்தது, அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. இந்த முகத்தைப் பார்த்து எத்தனை மாதம் ஆகிறது என்று நினைத்தான்.

இரண்டாம் பாதி மேல் தந்தியில் ஏறும். உச்சியில் ஒரு ஸ்வரம். அந்த வேகத்தில் சுண்டுவிரல் தவிர வேறெதுவும் அதை எட்டாது. முதல் தடவை அவன் அதைக் கீழே இறக்கி வாசித்துத் தப்பித்தான். மோனிஷா நிமிர்ந்து பார்த்தாள். இரண்டாம் தடவை மோதிர விரலை நீட்டினான். ஸ்வரம் கால் பங்கு குறைந்து, பல் கூசுகிறாற்போல விழுந்தது. அவள் நிறுத்தவில்லை. மறுபடியும் அதே இடத்துக்கு அவனைக் கொண்டுபோய் விட்டாள். மூன்றாம் தடவை, இருபத்தைந்து வருடப் பழக்கத்தில், அவன் நினைக்காமலே கை சுண்டுவிரலைக் கூப்பிட்டது. வில் தந்தியில் ஓடியது, விரல் வரவில்லை. காலித் தந்தி மட்டும் கத்தியது.

நிறுத்தினான். கிதார் இன்னும் நாலு தாளம் தனியாகப் போய்விட்டு நின்றது.

"ரொம்ப நாளா தொடலையா?"

அவன் வில்லின் திருகைத் தளர்த்தினான்.

"டச் விட்டுப்போச்சுன்னா பரவால்ல, சொல்லுங்க. ஒரு மாசம் இருக்கு, ஏத்திடலாம். அங்க போய் நின்னுட்டு இப்படி ஆச்சுன்னா குழுவுல நாலு பேரு மானமும் போயிரும். கொச்சியில வயலின் வாசிக்கிற பையன் ஒருத்தன் இருக்கான். வெள்ளிக்கிழமைக்குள்ள தெரிஞ்சா அவனயாவது கேப்பேன்." குரலைத் தணித்தாள். "டச்சுதான விட்டுப்போச்சு?"

ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். அவளே அந்த வார்த்தையை எடுத்து அவன் வாயருகே வைத்துவிட்டாள். உள்ளே அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. கொச்சிப் பையன் அந்த மேடையில் நின்று, கடைசியில் அந்த ரீலை வாசித்து, கூட்டம் எழுந்து ஆடுவது ஜான்பீட்டருக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பையனின் முகம் தெரியவில்லை, விரல்கள் தெரிந்தன.

வயலினைக் கட்டிலில் வைத்தான். இடது கையை அவள் முன்னால் நீட்டி, விரல்களை மடக்கினான். மூன்று மடங்கின.

"எப்ப?"

"மே மாசம்."

"மேயா?" அவள் கணக்குப் போடுவது தெரிந்தது. "அப்புறம் நாம எத்தன தடவ போன்ல பேசினோம் ஜான்."

அவள் கோபப்படட்டும் என்று காத்திருந்தான். மோனிஷா கிதாரைக் கழற்றி வைத்துவிட்டு அருகில் வந்தாள். கம்பி பட்டுக் காய்த்துப்போன தன் விரல் நுனியால் அவன் சுண்டுவிரலைத் தொட்டு, மெல்லக் கீழே அழுத்தினாள். எந்த எதிர்ப்பும் இல்லாமல், சொன்ன பேச்சைக் கேட்பது போல, அது உள்ளங்கைவரை மடங்கியது. அப்படியே பிடித்திருந்தாள். பிறகு விட்டாள்.

விரல் மெதுவாக நிமிர்ந்து நேரே நின்றது. அவள் மறுபடியும் மடக்கினாள்.