கைத்தடி உயராத சுற்று

மருமகளின் ஓட்டத்துக்கும் மாமியாரின் நடைக்கும் சேர்த்துக் காலையில் ஒரு மணி நேரம்தான் கிடைத்தது. கணவன் பேக்கரியில் வேலை செய்பவன், விடியுமுன்பே கிளம்பிவிடுவான். அவளோ எட்டு மணிக்குள் பல் செட் தயாரிக்கும் கூடத்தில் அரவை இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாக வேண்டும். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட மாமியார், தினமும் வெளியே நடக்க வேண்டும், துணைக்கு ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்பது பிசியோதெரபிஸ்டின் கட்டளை.

சென்ற ஆண்டு அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருந்தாள். அதே வாரத்தில் அத்தை குளியலறையில் விழுந்தார். பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். இந்த ஆண்டு மறுபடியும் கொடுத்தபோது ஒரு நிபந்தனையைத் தனக்குத்தானே விதித்துக்கொண்டாள்: தன் ஓட்டத்தால் அத்தைக்குச் சிறு ஆபத்து நேர்ந்தாலும் போட்டி கிடையாது. அதை வாய்விட்டுச் சொன்னதுதான் பிழை.

"உன் பந்தயத்தை என் இடுப்புல கட்டித் தொங்கவிடாதே," என்றார் அத்தை.

இருவரும் கண்டுபிடித்த ஏற்பாடு எளிமையானது. குடியிருப்பைச் சுற்றி நான்கு தெருக்கள் சதுரமாக ஓடின. அத்தை ஒரு சுற்று நடந்து முடிப்பதற்குள் மருமகள் பல சுற்றுகள் ஓடிவிடுவாள். கடக்கும்போதெல்லாம் "வலப்பக்கம், அத்தை!" என்று குரல் கொடுப்பாள். அத்தை திரும்பிப் பார்க்க மாட்டார். கைத்தடியை மட்டும் ஒரு சாண் உயர்த்துவார். நலமாக இருக்கிறேன் என்பதற்கு அதுவே அடையாளம். கூடவே எதிரில் வருபவர்களிடம், "எக்ஸ்பிரஸ் வருது, ஒதுங்குங்கப்பா" என்று ஓர் அறிவிப்பும் இருக்கும்.

போட்டிக்கு முந்தைய வாரம் அவள் தன் கடைசிக் கடும்பயிற்சியைத் தொடங்கினாள். முதல் சுற்றில் தடி உயர்ந்தது. அடுத்த சுற்றில், அத்தை இருந்திருக்க வேண்டிய தெருவில் அத்தை இல்லை.

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே நின்றிருப்பார்கள். மூச்சு வாங்க ஓடுகிறவளின் மூளையோ வேறு விதமாக முடிவு செய்தது: அத்தை இன்று வேகம் பிடித்துவிட்டார், முனையைத் திருப்பியிருப்பார். அவளுக்குப் பெருமையாக இருந்தது. பிடித்துவிடும் உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டினாள். அடுத்த தெருவிலும் இல்லை. பரவாயில்லையே அத்தை, என்று இன்னும் விரைந்தாள். தன் வாழ்நாளின் மிக வேகமான சுற்றை முடித்துச் சொந்த வாசலைத் தாண்டியபோதுதான் அறிவு அவளை எட்டிப் பிடித்தது. வட்டமடிக்கும் பாதையில், நடப்பவரைக் கடக்காமல் முழுச் சுற்று வர முடியாது.

வந்த வழியே திரும்பி, "அத்தை! அத்தை!" என்று கூவிக்கொண்டு ஓடினாள்.

சலவைக் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. ஒரு முக்காலியின் மேல் நிறுத்திய கைத்தடி அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. தடியில் அவளே சுற்றிவிட்ட ஒளிரும் பட்டை. சற்றுமுன் இதே இடத்தைக் கடந்திருந்தாள்; கண்ணில் பட்டது மனத்தில் பதியவில்லை.

குனிந்து உள்ளே பார்த்தாள். அத்தையும் சலவைக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டாங்க எக்ஸ்பிரஸ்," என்றார் அத்தை. "தொண்டை கிழியக் கத்தினேன். மகராணி காதுல விழணுமே!"

"தப்பு என்மேலதான் தங்கச்சி," என்றார் சலவைக்காரர். "ஷட்டர் ஸ்பிரிங் போயிடுச்சு. தோள்ல தாங்கிக்கிட்டு, உள்ளயும் போக முடியாம வெளியயும் வர முடியாம நின்னேன். அம்மாதான் தடியை முட்டுக்கொடுத்தாங்க. ஆஸ்பத்திரி விரிப்பையெல்லாம் எடுக்க வண்டி வர்ற நேரம், வேலைக்காரப் பையனும் வரல..."

"தூணாட்டம் நின்னாரு. பார்க்க லட்சணமாத்தான் இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் பேரை எடுத்துடறேன் அத்தை. உங்களைக் காணோம், நான் என்னடான்னா உங்களைப் பிடிக்கத் துரத்திக்கிட்டுப் போறேன்."

"துரத்தினியா? என்னையா?"

"நீங்க வேகமா நடக்கறீங்கன்னு நெனச்சேன்."

விரிப்பு அதிர்ந்தது. அத்தை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அடியே, இத்தனை வருஷத்துல என்னைப் பத்தி இவ்வளவு உசத்தியா நெனச்சது நீ ஒருத்திதான்!" பிறகு குரல் தணிந்தது. "ஆபத்து வந்தாத்தானே பேரை எடுக்கணும்? என்னை நல்லாப் பாரு. எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன்?"

அப்போதுதான் பார்த்தாள். இரண்டு கைகளிலும் விரிப்பின் முனைகள் இருந்தன. வேறு பிடிமானம் எதுவும் இல்லை.

மெக்கானிக் வரும்வரை தடியை எடுக்க முடியாது. எஞ்சிய பாதிச் சுற்றில், முனை வரைக்கும் அத்தை அவள் முழங்கையைப் பற்றிக்கொண்டு நடந்தார். முனை திரும்பியதும் கையை விட்டார்.

"போ. ஒட்டிக்கிட்டே நடந்தா ரெண்டு பேருக்கும் உடம்பு தேறாது."

தயங்கியபடி ஓடத் தொடங்கினாள். ஒவ்வொரு கடையாகப் பார்த்துக்கொண்டே சுற்றி வந்தாள். தெருக்கோடியில் அத்தையின் முதுகு தெரிந்தது. மெதுவாக, சற்றுச் சாய்ந்து, ஆனால் தானாகவே நகர்ந்துகொண்டிருந்தது.

"வலப்பக்கம், அத்தை!"

அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. மூடிய வெறுங்கை ஒரு சாண் உயர்ந்தது.

"ஞாயித்துக்கிழமை பந்தயத்துல நான் எங்கடி நிக்கணும்?"

"முடியற எடத்துல!"

"அங்கயாவது உன் கண்ணுல படுவேனா?"

அவள் கடந்து போய்விட்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமல் தன் கையை ஒரு சாண் உயர்த்திக் காட்டினாள்.